இரண்டாம் அரேக்கிஸ்: அரசு வீழ்ந்த ஆண்டில் முடி சூடியவர்

774 ஜூன் மாதம், வட இத்தாலியில் இருக்கும் பாவியா நகரம் ஏறக்குறைய ஒன்பது மாத முற்றுகைக்குப் பிறகு இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை ஆண்ட பிராங்கு இனத்தாரின் அரசர் சார்லமேனிடம் சரணடைந்தது. லொம்பார்டு அரசர் டெசிடேரியஸ் தலைநகரையும் முடியையும் இழந்தார். மீதி வாழ்நாளை பிராங்கு நாட்டு மடம் ஒன்றில் கழிக்க அனுப்பப்பட்டார். அவர் மகன் அடெல்கிஸ் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தப்பிப் போனார். சார்லமேன் தன்னை ‘பிராங்குகளுக்கும் லொம்பார்டுகளுக்கும் அரசர்’ என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கினார். சுருக்கமான வரலாறுகள் பெரும்பாலும் லொம்பார்டுகளின் கதையை இதோடு முடித்துவிடுகின்றன: வந்தது 568, வீழ்ந்தது 774.

தெற்கே அது முடியவில்லை. பெனவெந்தோ என்ற ஊரில் டெசிடேரியஸின் மருமகன் அரேக்கிஸ் ஆண்டுகொண்டிருந்தார். மாமனாரின் அரசு போன அதே ஆண்டில் அவர் புதிய பட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டார். அந்தப் பட்டமும் அதைச் சுமந்த அரசும் அதற்கப்புறம் 300 ஆண்டுகள் நிலைத்தன. ஐரோப்பாவின் முற்பட்ட இடைக்காலத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் சார்லமேனிடமிருந்து ஆரம்பிப்பது வழக்கம். அரேக்கிஸிடமிருந்தும் ஆரம்பிக்கலாம் என்பேன். பெரிய அரசுகளுக்கு நடுவில் ஒரு சிறிய அரசு எப்படிப் பிழைத்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வாழ்க்கை அந்த நூற்றாண்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் நிலப்படம்

லொம்பார்டுகள் ஜெர்மானிய இனக்குழு. இன்றைய ஹங்கேரிப் பக்கத்திலிருந்து அல்போயின் என்ற அரசரின் தலைமையில் 568-ல் இத்தாலிக்குள் வந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசின், அதாவது பைசாந்தியப் பேரரசின், அரசர் ஜஸ்டினியன் காத் இனத்தாரோடு ஏறக்குறைய 20 ஆண்டுகள் போரிட்டு இத்தாலியை மீட்டிருந்தார். நாடு களைத்துப்போய்க் கிடந்தது. வந்தவர்கள் உள்நாட்டுப் பகுதிகளை வேகமாகப் பிடித்தார்கள். ஆனால் ரோம், ரவென்னா, நேப்பிள்ஸ், தென்கோடிக் கரைகள் ஆகியவை பேரரசின் கையிலேயே இருந்தன.

இதனால் இத்தாலி கோணல்மாணலாகத் துண்டுபட்டது. வடக்கே பாவியாவைத் தலைநகராகக் கொண்ட லொம்பார்டு அரசு. ரோமிலிருந்து ரவென்னா வரை குறுக்கே ஓடிய பைசாந்தியப் பட்டை. அதற்குத் தெற்கே ஸ்பொலெட்டோ, பெனவெந்தோ என்ற இரண்டு லொம்பார்டு பகுதிகள். இந்த இரண்டையும் ஆண்டவர்கள் டியூக்குகள். படைத்தலைவர் என்ற பொருளில் வந்த ரோமானியப் பதவி அது. பெயருக்கு அவர்கள் பாவியா அரசருக்குக் கட்டுப்பட்டவர்கள். நடுவில் வேறொருவரின் நிலம் இருந்ததால் நடைமுறையில் தனிக்காட்டு ராஜாக்கள். முதலாம் அரேக்கிஸ் என்ற பழைய டியூக் பெனவெந்தோவை ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆண்டார். அவருக்கும் நம் அரேக்கிஸுக்கும் இடையே நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. படிக்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெனவெந்தோ மலைகளுக்கு நடுவே, ஆப்பியா பெருஞ்சாலையின் மேல் இருக்கிறது. ரோமிலிருந்து பிரிந்திசித் துறைமுகத்துக்குப் போகும் சாலை அது. பேரரசர் டிராஜனின் வெற்றி வளைவு அங்கே இன்றும் முழுதாக நிற்கிறது.

மாமனார் வைத்த டியூக்

758-ல் பெனவெந்தோவின் டியூக் லியுட்பிராண்ட் அரசருக்குக் கட்டுப்பட மறுத்தார். டெசிடேரியஸ் படையோடு தெற்கே வந்து அவரைத் துரத்திவிட்டு, அந்த இடத்தில் அரேக்கிஸை அமர்த்தினார். தன் மகள் அடெல்பெர்காவையும் மணம் செய்து கொடுத்தார். டெசிடேரியஸ் மகள்களின் திருமணங்களால் தன் அரசைச் சுற்றி வேலி போட்டவர். ஒரு மகள் பவேரியாவின் டியூக் டாசிலோவுக்கு. இன்னொரு மகள், 770-ஐ ஒட்டி, சார்லமேனுக்கே. அதாவது அரேக்கிஸும் சார்லமேனும் சிறிது காலம் சகலைகள். அடுத்த ஆண்டே சார்லமேன் அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். உறவு பகையானது. அதன் முடிவுதான் 774.

அடெல்பெர்காவைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். கல்வியில் ஆழ்ந்த பெண் அவர். லொம்பார்டு வரலாற்றை எழுதிய பவுல் டீக்கன் அவருடைய ஆசிரியராக இருந்தவர் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 763-ல் பவுல் எழுதிய கவிதை ஒன்றின் அடிகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘பக்தியுள்ள அடெல்பெர்கா’ என்று வரும். யூட்ரோப்பியஸ் எழுதிய சுருக்கமான ரோமானிய வரலாற்றை அவருக்குப் படிக்கக் கொடுத்ததும் பவுல்தான். அது மிகவும் சுருக்கமாக இருக்கிறது, கிறிஸ்தவ சமயத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று அடெல்பெர்கா சொன்னார். பவுல் அந்த நூலை விரித்து, ஜஸ்டினியன் காலம் வரை கொண்டுவந்து, அவருக்கே அர்ப்பணித்தார். ஒரு வாசகி சொன்ன குறையிலிருந்து பிறந்த அந்த ‘ரோமானிய வரலாறு’ இடைக்கால ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் கணக்கில் படிக்கப்பட்டது.

அரேக்கிஸ் டியூக்கான சில ஆண்டுகளிலேயே பெனவெந்தோவில் சாந்தா சோபியா ஆலயத்தைக் கட்டினார். கான்ஸ்டான்டிநோபிளின் பெரிய ஆலயமான ஹாகியா சோபியாவின் பெயர்தான் இதற்கும். அளவில் ஒப்பிடவே முடியாது. இது சுமார் 23 மீட்டர் அகலமுள்ள சின்னக் கட்டடம். ஆனால் உள்ளமைப்பு அபூர்வமானது. நடுவில் ஆறு தூண்கள் அறுகோணமாக நிற்கின்றன. அதைச் சுற்றி இன்னொரு வளையம் பத்துக் கோணமாக வருகிறது. வெளிச்சுவர் ஒரு பகுதியில் வட்டமாகவும் ஒரு பகுதியில் நட்சத்திர முனைகள் போல மடிந்தும் ஓடுகிறது. தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. சிறுசிறு கவிமாடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் மேலே சந்திக்கின்றன. சுவர்களில் 8-ஆம் நூற்றாண்டு ஓவியங்களின் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. 2011-ல் யுனெஸ்கோ இத்தாலியிலுள்ள லொம்பார்டு இடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

அந்த ஆலயத்துக்குள் அரேக்கிஸ் புனிதர்களின் எலும்புகளைக் கொண்டுவந்து சேர்த்தார்: 760-ல் பன்னிரு சகோதரர்கள் என்ற மறைசாட்சிகள், 768-ல் போர்வீரப் புனிதர் மெர்க்கூரியஸ். இன்றைய கண்ணுக்கு இது வெறும் பக்தியாகத் தெரியலாம். அந்தக் காலத்தில் ஒரு நகரத்தில் எந்தப் புனிதர்கள் உறங்குகிறார்கள் என்பது அந்நகரத்தின் தகுதியைச் சொன்னது. பெனவெந்தோவை மாகாணத் தலைநகர் என்ற நிலையிலிருந்து அரசத் தலைநகராக உயர்த்தும் வேலையை, பாவியா விழுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அரேக்கிஸ் தொடங்கிவிட்டார் என்றே நான் படிக்கிறேன்.

அந்தப் பட்டம்

சரி, 774-க்கு வருவோம். பாவியா விழுமுன்பே, 773-ல், ஸ்பொலெட்டோக்காரர்கள் பலர் ரோமுக்குப் போய் போப் ஹாட்ரியனிடம் சரணடைந்திருந்தார்கள். சரணடைந்ததற்கு அடையாளமாக முடியையும் தாடியையும் ரோமானிய முறையில் வெட்டிக்கொண்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லொம்பார்டு ஆணுக்குத் தாடியும் முடியும் அலங்காரத்துக்காக மட்டும் இருக்கவில்லை. தான் யாருடைய ஆள் என்று சொல்லும் அடையாளம் அது.

அரேக்கிஸ் முடி வெட்டிக்கொள்ளவில்லை. ‘லொம்பார்டு மக்களின் பிரின்செப்ஸ்’ என்று தன்னை அறிவித்தார். ஆங்கிலத்தில் ‘பிரின்ஸ்’ ஆனதும் இந்தப் பதவிதான். ஆனால் அரசரின் மகன் என்று நாம் சொல்லும் இளவரசர் இல்லை இது. முதன்மையானவர், தானே ஆள்பவர் என்று பொருள். அகஸ்டஸ் தொடங்கி ரோமானியப் பேரரசர்கள் தங்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்.

இந்தத் தேர்வில் இருக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. டியூக் என்றே தொடர்ந்திருந்தால் லொம்பார்டு அரசருக்குக் கட்டுப்பட்டவர் என்று ஆகிவிடும். அந்த அரசர் இப்போது சார்லமேன். அரசர் என்று சொல்லிக்கொண்டால் சார்லமேனின் பட்டத்துக்கு நேரடிப் போட்டி, படை வரும். பிரின்செப்ஸ் இரண்டுக்கும் இடைப்பட்டது. கூடவே ‘பெனவெந்தோவின்’ என்று சொல்லாமல் ‘லொம்பார்டு மக்களின்’ என்று சொன்னதையும் பாருங்கள். வடக்கே அரசு போயிருக்கலாம், மக்களினம் இங்கே என் கீழ் தொடர்கிறது என்கிறது அந்தப் பட்டம்.

பட்டத்துக்கு ஏற்றபடி நடந்தும் காட்டினார். ஆயர்களின் கையால் எண்ணெய் பூசப்பட்டு முடி சூட்டிக்கொண்டார் என்று தென்னித்தாலிய மரபு சொல்கிறது. தன் ஆணைகளை ‘எங்கள் மிகப் புனிதமான அரண்மனையில்’ எழுதியதாக முடித்தார். அது பேரரசர்களின் பாணி. தங்கக் காசுகள் அடித்தார். சார்லமேனின் நிலங்கள் வெள்ளிக் காசுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் பெனவெந்தோ பைசாந்திய முறைத் தங்கக் காசையே தொடர்ந்தது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம் சட்டம். லொம்பார்டு சட்டத்தை 643-ல் அரசர் ரோத்தாரி 388 பிரிவுகளாக எழுதவைத்தார். பின்னால் வந்தவர்கள் அதில் சேர்த்துக்கொண்டே போனார்கள். அப்படிச் சேர்த்தவர்கள் எல்லோரும் அரசர்கள். அரேக்கிஸ் 17 பிரிவுகளைச் சேர்த்தார். சில பிரிவுகளில் அன்றைய வாழ்க்கை எட்டிப்பார்க்கிறது. கணவன் இறந்ததும் மடத்துக்குப் போகாமல் வீட்டிலேயே துறவு ஆடை தரித்து, அந்தப் பெயரில் இஷ்டப்படி வாழ்கிறார்கள் என்று விதவைகளைக் கண்டிக்கும் பிரிவு ஒன்று உண்டு. கண்டிப்பின் தொனி கடுமையானது. ஆனால் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குப் பெண்கள் அந்த வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள் என்பதும் அதிலிருந்தே தெரிகிறது.

கடலோரத்தில் இரண்டாவது தலைநகர்

பெனவெந்தோவுக்குக் கடல் இல்லை. அரேக்கிஸ் மேற்குக் கரையிலிருந்த சலேர்னோவின் மதில்களை உயர்த்தி, அங்கே இரண்டாவது அரண்மனை கட்டினார். பின்னால் மலை, முன்னால் கடல். நிலவழியாகப் படை வந்தால் ஒதுங்கவும், கடல்வழியாக உதவி வந்தால் வாங்கவும் தோதான இடம். பழைய ரோமானியக் குளியல் மண்டபத்தின் மேல் எழுந்த அந்த அரண்மனையின் சிற்றாலயம் சான் பியெத்ரோ அ கோர்த்தே என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. அரண்மனைக்கான கல்வெட்டுப் பாடலை எழுதியதும் பவுல் டீக்கன்தான்.

அருகிலிருந்த நேப்பிள்ஸோடு உறவு சண்டையும் சமாதானமுமாகப் போனது. நேப்பிள்ஸுக்கு வடக்கே லிபூரியா என்ற வளமான சமவெளி உண்டு. அதை உழுத குடியானவர்கள் பலர் லொம்பார்டுகளுக்கும் நேப்பிள்ஸ்காரர்களுக்கும், இரண்டு பக்கமும் கடமைப்பட்டவர்கள். யாருக்கு எவ்வளவு என்பதை வரையறுத்து அரேக்கிஸ் நேப்பிள்ஸோடு ஒப்பந்தம் செய்தார். இடைக்காலப் போர்களைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. ஒரே வயலின் விளைச்சலை இரண்டு அரசுகள் பங்கு போட்டுக்கொண்டது பற்றிக் கொஞ்சம்தான் பேசப்படுகிறது. அந்த ஒப்பந்தம் கிடைத்திருப்பது பெரிய அதிர்ஷ்டம்.

787: ஒரே ஆண்டில் எல்லாம்

சார்லமேன் உடனே தெற்கே வராததற்குக் காரணம் இருந்தது. சாக்சன்களோடு முடிவில்லாத போர், 776-ல் வட இத்தாலியில் ஃபிரியூலி டியூக்கின் கலகம். அந்தக் கலகத்தில் அரேக்கிஸும் உடந்தை என்று போப் ஹாட்ரியன் சார்லமேனுக்கு எழுதினார். போப்புக்கு அரேக்கிஸ் பக்கத்து வீட்டுத் தலைவலி; தெற்கிலுள்ள திருச்சபை நிலங்கள் மேல் இருவருக்கும் வழக்கு. 13 ஆண்டுகள் இப்படியே ஓடின.

786 கிறிஸ்துமஸை சார்லமேன் ஃபுளோரன்ஸில் கொண்டாடினார். புத்தாண்டில் ரோமுக்கு வந்தார். அரேக்கிஸ் மூத்த மகன் ரோமுவால்டை ஏராளமான பரிசுகளோடு அனுப்பி, எங்கள் நாட்டுக்குள் வர வேண்டாம், கேட்பதைச் செய்கிறோம் என்று சொல்லவைத்தார். போப்பும் பிராங்குப் பிரபுக்களும் அந்தச் சொல்லை நம்பவில்லை. படை கபுவா வரை வந்தது.

அரேக்கிஸ் பெனவெந்தோவை விட்டு சலேர்னோவின் மதில்களுக்குள் போனார். நேப்பிள்ஸோடு சமாதானம் செய்துகொண்டார். இரண்டு மகன்களையும் அனுப்பத் தயார், பணியத் தயார், ஆனால் நான் நேரில் வர மாட்டேன் என்றார். சார்லமேன் ஒப்புக்கொண்டார். மூத்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, பன்னிரண்டு பிணையாட்களையும் பதின்மூன்றாவதாக இளைய மகன் கிரிமோவால்டையும் பிடித்துக்கொண்டார். அரேக்கிஸும் மக்களும் விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். பிராங்கு அரசவைக் குறிப்பேடு இந்த இடத்தில் அரேக்கிஸை டியூக் என்றுதான் எழுதுகிறது. ஆனாலும் அவர் சார்லமேன் முன் ஒருமுறைகூட மண்டியிடவில்லை. அடுத்த ஆண்டு பவேரியாவின் டாசிலோ சார்லமேனின் அவையில் விசாரிக்கப்பட்டு, முடி மழிக்கப்பட்டு, மடத்தில் அடைக்கப்பட்டதை நினைத்தால் அந்த ஒரு மறுப்பின் மதிப்பு புரியும்.

சார்லமேன் வடக்கே திரும்பியதும் அரேக்கிஸ் அடுத்த காய் நகர்த்தினார். அதே ஆண்டில் சார்லமேனின் மகளுக்கும் இளம் பைசாந்தியப் பேரரசர் ஆறாம் கான்ஸ்டன்டைனுக்கும் 781-ல் நடந்த நிச்சயதார்த்தம் முறிந்திருந்தது. பேரரசரின் தாய் ஐரீன் கோபத்தில் இருந்தார். அரேக்கிஸ் ரகசியமாகத் தூது அனுப்பினார்: எனக்கு பத்ரீசியன் என்ற உயர்ந்த பைசாந்தியப் பட்டமும் நேப்பிள்ஸும் கொடுங்கள், என் மைத்துனன் அடெல்கிஸோடு படை அனுப்புங்கள், நான் உங்கள் கிரேக்கர்களைப் போல உடுத்தி, கிரேக்கர்களைப் போல முடி வெட்டிக்கொள்கிறேன். போப் ஹாட்ரியன் சார்லமேனுக்கு எழுதிய கடிதம் மூலம்தான் இது நமக்குத் தெரியும். அவர் அரேக்கிஸின் எதிரி என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். ஆனாலும் கடிதத்திலுள்ள ஒரு விவரம் கற்பனையாகத் தோன்றவில்லை. ஐரீனின் தூதர்கள் பட்டமளிப்புக்காகக் கொண்டுவந்த பொருட்கள்: பொன்னிழை நெய்த ஆடைகள், ஒரு வாள், ஒரு சீப்பு, ஒரு கத்தரிக்கோல்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது முடி வெட்டிக்கொள்ள ஆள் இல்லை. ஜூலை 21-ல் ரோமுவால்ட் இறந்திருந்தார். ஆகஸ்ட் 26-ல் அரேக்கிஸும் இறந்துபோனார். சலேர்னோவில் அடக்கம் செய்தார்கள். கல்லறைப் பாடலை பவுல் டீக்கன் எழுதினார்.

பிணையாக இருந்த மகன்

கணவனும் மூத்த மகனும் ஐந்தே வாரங்களில் போய், மிஞ்சிய மகன் எதிரியின் கையில். அடெல்பெர்கா அரசைப் பிடித்து நிறுத்தினார். ஐரீன் அனுப்பிய கிரேக்கத் தூதர்களுக்கு, கிரிமோவால்ட் திரும்பும் வரை நேப்பிள்ஸில் காத்திருங்கள் என்று பதில் போனது. சார்லமேனிடம் மகனைக் கேட்டு ஆள் போனது. விடாதீர்கள் என்று போப் கடிதத்தின் மேல் கடிதம் எழுதினார். கடைசியில் 788-ல் சார்லமேன் விட்டார், நிபந்தனைகளோடு: காசுகளிலும் ஆவணங்களிலும் சார்லமேனின் பெயர் இருக்க வேண்டும், சலேர்னோ, கோன்சா, அசெரென்சா ஆகிய ஊர்களின் மதில்களை இடிக்க வேண்டும், லொம்பார்டுகள் தாடியை மழிக்க வேண்டும்.

அதே ஆண்டில் அடெல்கிஸ் கிரேக்க, அதாவது பைசாந்திய, படையோடு இத்தாலியின் தென்முனையான கலாப்ரியாவில் இறங்கினார். கிரிமோவால்ட் பிராங்குகளோடு சேர்ந்து தன் தாய்மாமனை எதிர்த்துப் போரிட்டு வென்றார். படிக்கவே கஷ்டமாக இருக்கும் இடம் இது. ஆனால் வேறு வழி அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சார்லமேனின் நம்பிக்கையை அந்த ஒரு நாளில்தான் வாங்க முடிந்தது. வாங்கிய நம்பிக்கையை நெடுநாள் காப்பாற்றவும் இல்லை. சில ஆண்டுகளில் காசுகளிலிருந்து சார்லமேனின் பெயர் மறைந்தது. பைசாந்தியப் பேரரசரின் குடும்பத்தோடு உறவுடைய கிரேக்கப் பெண் ஒருத்தியை மணந்தார். சார்லமேனின் மகன் பிப்பின் பலமுறை படையெடுத்தும் பெனவெந்தோவை அடக்க முடியவில்லை. கிரிமோவால்ட் 806-ல் இறந்தார். அவருக்குப் பின் வந்தவரோடு 812-ல் சமாதானம் ஆனபோது பிராங்குகள் 25,000 பொற்காசுகளைத் திறையாகப் பெற்றார்கள். 814-ல் அது ஆண்டுக்கு 7,000 என்று ஆனது. பணம் போனது, நாடு நின்றது.

பிறகு வந்த சரிவு உள்ளிருந்து வந்தது. 839-ல் பிரின்செப்ஸ் சிகார்டு கொல்லப்பட்டார், உள்நாட்டுப் போர் மூண்டது, 849-ல் நாடு பெனவெந்தோ, சலேர்னோ என்று இரண்டாகப் பிரிந்தது. கபுவாவும் சிறிது காலத்தில் தனியானது. சலேர்னோ தனி அரசாக நிற்க முடிந்ததற்கு அரேக்கிஸ் அங்கே போட்ட அடித்தளமும் காரணம். 11-ஆம் நூற்றாண்டில், வட பிரான்சிலிருந்து வந்த போர்வீரர்களான நார்மன்கள் இந்த அரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கினார்கள். சலேர்னோவை முற்றுகையிட்ட நார்மன் தலைவர் ராபர்ட் கிஸ்கார்டின் மனைவி சிகெல்கைத்தா அந்த ஊர் லொம்பார்டு அரச குடும்பத்துப் பெண். உள்ளே இருந்த கடைசி பிரின்செப்ஸ் இரண்டாம் கிசுல்ஃப் அவருடன் பிறந்தவர். நகரம் விழுந்த பிறகும் கிசுல்ஃப் மலைமேல் இருந்த கோட்டையில் சில மாதங்கள் தாக்குப்பிடித்து, 1077-ல் சரணடைந்தார். அந்தக் கோட்டையை சலேர்னோக்காரர்கள் இன்று அரேக்கிஸ் கோட்டை என்று அழைக்கிறார்கள். ஊரின் கால்பந்து மைதானத்துக்கும் அவர் பெயர்தான்.